நாற்பத்தேழு போர்டும் ஒரு கையெழுத்தும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. ஃபேன் சத்தத்தில் என் குரல் அடிபட்டுப் போகிறது. காலை நீட்டிக்கொள்ள வேண்டுமானால் நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கோபத்தின் கதை சொல்கிறேன். திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மூண்ட கோபம். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் அது ஆறவில்லை. கேட்டு முடித்ததும், அந்தக் கோபம் சரியா தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

சரிதா என்று பெயர். முப்பத்தி நான்கு வயது. பிறந்தது கானாத்தூர்ப் பக்கம் கடலோரக் குப்பத்தில். அப்பா வீராசாமி இன்றைக்கும் விடிவதற்கு முன்னால் படகு ஏறுகிறவர். மகள் மட்டும் கரையிலேயே நின்று பாலிடெக்னிக் படித்தாள், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. கல்யாணமாகி பீர்க்கன்கரணைக்கு வந்தாள். ஏரிக்கரைத் தெருவில் வாடகை வீடு, எஸ்டேட்டில் தயாளனின் யூனிட்டில் வேலை. ஒன்பது வருடமாக அதே வேலை.

அந்த யூனிட்டில் என்ன செய்கிறார்கள் என்றால், உங்கள் அடுக்குமாடி வீட்டில் மோட்டார் ஓடும் இல்லையா, தொட்டி நிறைந்தால் அதை நிறுத்துவதற்கும் கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் அது கருகாமல் காப்பாற்றுவதற்கும் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருப்பார்களே, அந்தப் பெட்டி. உள்ளே ஒரு பச்சை போர்டு. போர்டில் நகக்கண் அளவுக்கு ஒரு சிப். கடையிலிருந்து வருகிறபோது அந்தச் சிப்புக்கு ஒன்றும் தெரியாது. அதற்குப் புத்தி ஏற்றுவதுதான் சரிதாவின் வேலை. போர்டை ஒரு ஸ்டாண்டில் வைத்து லீவரை அமுக்கினால் ஊசி ஊசியாகப் பத்து முனைகள் போர்டைத் தொடும். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் ப்ரோகிராம் ஒயர் வழியாகப் போய்ச் சிப்பில் உட்காரும். கடைசியாக இன்னொரு சின்ன விஷயமும் போகும். சிப் ஒவ்வொரு அடியும் ஒரு துடிப்புக்குத்தான் எடுத்து வைக்கும். அந்தத் துடிப்பை அது தனக்குள்ளேயே எழுப்பிக்கொள்ளலாம், வெளியிலிருந்தும் வாங்கிக்கொள்ளலாம். உனக்குள் இருக்கிறதையே நம்பி நட என்று இவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். பன்னிரண்டு வினாடி வேலை, அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை, டிபன் பையை ஆணியில் மாட்டிவிட்டு அவள் உட்காருவதற்குள் சுகுமார் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். சுகுமார் டெக்னிக்கல் மேனேஜர். சேர்ந்து எட்டு மாதம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வருகிற ஒரே ஆள் அந்த யூனிட்டில் அவன்தான்.

"படிச்சுட்டு ஒரு சைன் போட்டுடுங்க சரிதா. ஃபார்மாலிட்டிதான்."

சரிதா படித்தாள். மறுபடியும் படித்தாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பில்டருக்குப் போகவேண்டிய போர்டுகளில் நாற்பத்தேழு செத்துப்போய்விட்டன. சரக்கு ஏன் வந்து சேரவில்லை என்று பில்டர் காரணம் கேட்டு எழுதியிருக்கிறார். அதற்குப் பதில்தான் அந்தத் தாள். கை ஈரத்தோடும் உப்போடும் கவனமில்லாமல் கையாண்டதால் சிப்புகள் பழுதாயின, இதற்கு நானே பொறுப்பு என்று அவள் சொல்வது போல எழுதி, கீழே அவள் பெயரை அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"உப்புன்னா இன்னா உப்பு சார்?"

"வேர்வைல இருக்கறதுதான். சில பேருக்கு கைல அதிகமா இருக்கும். உங்க பேக்ரவுண்டு அப்படி. நான் தப்பா சொல்லல."

"இன்னா பேக்ரவுண்டு?"

"சீ ஷோர் தானே நீங்க." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு சிரித்தான்.

பக்கத்து ஹாலில் கதவோரம் உட்கார்ந்து ஈயம் வைத்துக்கொண்டிருந்த அங்காளம்மா சூட்டுக்கோலை அதன் தாங்கியில் செருகினாள். அவள் எஸ்டேட் வருவதற்கு முந்தியே அந்த மண்ணில் இருந்த குடும்பம். பேச்சுக்கு அஞ்சாதவள்.

"எம் பேக்ரவுண்டையும் எழுதிக்கோ சார். எங்க வூட்ல ஏழு மாடு கட்டியிருந்தோம். நான் பத்தவெச்ச போர்டு எதுலனா சாணி நாத்தம் வருதா மோந்து பாத்து சொல்லு."

"அங்காளம்மா, நீங்க உங்க வேலையப் பாருங்க."

"பாத்துகினுதான் கீறேன். வேலை செய்ற கைய பத்திதான் பேசறேன்."

சரிதாவுக்குக் கோபம் மூண்டது அப்போதுதான். ஒன்பது வருடம், என் கண்ணுகளா. காலையில் உள்ளே நுழைந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, துண்டில் ஒற்றி, உடம்பு மின்சாரம் சிப்பில் பாயாமல் இருக்க மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டிக்கொண்ட பிறகுதான் முதல் போர்டைத் தொடுவாள். சுகுமார் மதியம் சமோசா தின்ற விரலோடு போர்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அந்த ஆள் எழுதியிருக்கிறான், அவள் கையில் உப்பு என்று.

கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எஸ்டேட்டில் ஒரு கேட்டில் சொன்னது அடுத்த கேட்டுக்குப் போக ஒரு டீ நேரம் போதும். போர்டைச் சாகடிக்கிற கை என்று பெயர் வந்தால், அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் யாரும் அவளை ஒரு சிப்பின் பக்கத்தில் உட்காரவைக்க மாட்டார்கள்.

பத்து மணிக்குத் தயாளன் வந்தார். அந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது மூன்று ஷெட், இரண்டு வாடகைக்கு, ஒன்றில் இவரே தொழில். கடுமையாகப் பேசத் தெரியாது. பேசவேண்டிய இடத்திலும் பேசமாட்டார், அது ஒரு குறை.

"சார், இதுல நான் கையெழுத்து போடமாட்டேன்."

"அவசரப்படாதம்மா. போட்டாலும் உன்னை நான் அனுப்பப் போறதில்ல. கொஞ்ச நாள் பேக்கிங் பாத்துக்க. உனக்கும் ரெஸ்ட்டா இருக்கும்."

"அட்டப்பொட்டிக்கு டேப் ஒட்டறதுக்கா சார் நான் டிப்ளமா படிச்சேன்?"

தயாளன் சுகுமாரைப் பார்த்தார். சுகுமார் தோளைக் குலுக்கினான். "சிப் டெட் சார். ரெஸ்பான்ஸே இல்ல. ஹேண்ட்லிங் இஷ்யூ தவிர வேற எதுவும் இருக்க சான்ஸ் இல்ல."

"மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் டைம் குடுங்க," என்றாள் சரிதா. "நாப்பத்தேழையும் எங்கிட்ட குடுங்க. மணி அடிக்கசொல்ல என்னால காரணம் சொல்ல முடியலன்னா பேனாவ குடுங்க, போடறேன்."

"பொணத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றான் சுகுமார்.

"பொணமான்னு பாக்கப் போறேன்."

போர்டுகள் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வந்தன. அவள் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். அந்த மேசையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும், ஏனென்றால் கோபத்தில் பாதி அந்த மேசையைப் பற்றியதுதான்.

ஆபீஸ் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. தயாளனின் நாற்காலி, கம்ப்யூட்டர், சரிதாவின் ஸ்டாண்டு எல்லாம் வடக்குச் சுவரோரம் ஒரே நீள மேசையில்தான் இருந்தன. தயாளனுக்கு ஓவியா என்று ஒரே பெண். மூன்று வருடமாக வரன் வருவதும் தட்டிப்போவதுமாக இருந்தது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவந்தார்கள். அவர் அறையின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, கரண்டு வேலை செய்கிற ஸ்டாண்டு குபேரன் திசையான வடக்கில் இருக்கக்கூடாது, அக்னி மூலைக்குப் போகவேண்டும், கம்ப்யூட்டர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். அன்றைக்கே ஸ்டாண்டை ஒரு தனி மேசையில் வைத்துத் தென்கிழக்கு மூலைக்குத் தள்ளினார்கள். கம்ப்யூட்டரிலிருந்து ஸ்டாண்டுக்குப் போகிற பட்டை ஒயர் அதுவரை ஒரு சாண்தான். சுகுமார் அதில் இன்னொரு ஒயரை ஒட்டி இரண்டு மீட்டராக்கி, ஜன்னல் மேலாகச் சுற்றிக் கொண்டுபோனான். எட்டாம் நாள் சேலையூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நிச்சயமும் ஆனது. தை மாதம் கல்யாணம். அன்றிலிருந்து அந்த மூலைக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம் காட்டுகிறார் தயாளன்.

சரிதா அன்றிலிருந்து ஒவ்வொரு போர்டுக்கும் எழுந்து வடக்கே நடந்து பட்டனைத் தட்டி, தெற்கே நடந்து வந்து லீவரைத் தூக்குகிறாள். அதைக்கூட அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டாண்டு நகர்ந்த மறுநாளே, சிப்பில் எழுதியதும் அதிலிருந்து திரும்பப் படித்ததும் ஒத்துப்போகவில்லை என்று திரையில் வர ஆரம்பித்தது. சுகுமாரிடம் சொன்னாள். லீவரை நன்றாக அமுக்குங்கள் என்றான். இரண்டாம் வாரம் மறுபடியும் சொன்னாள். ஒருதரம் வரவில்லையென்றால் இரண்டு தரம் தட்டுங்கள் என்றான்.

இப்போது தட்டிலிருந்து ஒரு போர்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கருகல் இல்லை, வெடிப்பு இல்லை. தன் நோட்டைப் புரட்டினாள். செத்த ஒவ்வொன்றுக்கும் நேரே எந்த இடத்தில் நின்றது என்று குறித்து வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் ப்ரோகிராம் முழுசாக ஏறியிருந்தது. கடைசியில், அந்தத் துடிப்பைப் பற்றி எழுதுகிற இடத்தில்தான் ஒவ்வொன்றும் வாயை மூடியிருந்தது. ஒன்றுகூட அதற்கு முன்னால் சாகவில்லை.

அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. கை உப்பு கொல்வதானால் கை பட்டவுடனே கொல்லவேண்டும். முழு ப்ரோகிராமும் ஏறி முடிகிறவரை காத்திருந்து, சரியாகக் கடைசி வரியில் கொல்வதற்கு உப்புக்கு என்ன அப்படி ஒரு பொறுமை?

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் உறுமிக்கொண்டு எழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். கம்ப்ரசருக்குப் போகிற தடித்த ஒயரும் சுகுமார் ஒட்டிய பட்டை ஒயரும் ஒரே ஆணியில் அக்காள் தங்கையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"அக்கா," என்று கூப்பிட்டாள். "என் ட்ராயர்ல பழைய ஒயர் ஒண்ணு கீது, ஒரு சாண். எடுத்தா."

"இந்தா. இன்னா, மூஞ்சி செவந்து கீது?"

"இருக்கா, சொல்றேன்."

தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே வடக்குச் சுவருக்குப் போனாள். தயாளனின் மேசையில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் பரப்பியிருந்தன, மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று. அவற்றை ஓரமாக நகர்த்திவிட்டுத் தட்டை அங்கேயே வைத்தாள்.

"இங்க வேணாம்மா," என்றார் தயாளன். "இது குபேரன் திசை."

"பத்து நிமிஷம் சார். குபேரன் கோச்சிக்க மாட்டார்."

நல்ல போர்டு ஒன்றை எடுத்தாள். சின்னதாக ஒரு ப்ரோகிராம் எழுதினாள், ஆறு வரிகூட இருக்காது. அந்த நல்ல போர்டு வேறு ஒன்றும் செய்யாமல் தன் சிப்பின் கம்பிக்கால் ஒன்றை மட்டும் விடாமல் துடிக்கவிட்டது. அந்தக் காலிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்றை இழுத்து, முனையில் ஊசி வைத்து, செத்த போர்டின் சிப்பில் வெளித் துடிப்பு வாங்குகிற காலைத் தொட்டாள். கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியிலிருந்து ஒரு சாண் ஒயரை நேரே அந்தப் போர்டுக்குப் பொருத்தினாள். பட்டனைத் தட்டினாள்.

ஒரு மாதமாக வாய் திறக்காத சிப் தன் பெயரைச் சொன்னது. திரையில் வந்தது.

சுகுமார் குனிந்து பார்த்தான். "எப்படி?"

"சாவல சார் இது. காத்துகினு கீது. உனக்குள்ள இருக்கறத நம்பி நடன்னு நான் எழுதி அனுப்பினா, போற வழியில நீட்டின ஒயர்ல கம்ப்ரசர் கரண்டு குறுக்க பாஞ்சு ஒரு எழுத்து கெட்டு, வெளியிலர்ந்து வரும் இருன்னு இதுக்குப் போயி சேந்திருக்குது. வெளியில யாரு குடுக்கறா? நான் குடுக்கலியே, நீங்களும் குடுக்கலியே. அது பாட்டுக்கு உக்காந்துகினே கீது. இப்போ பாருங்க."

அந்த வரியைப் படிக்கவைத்தாள். உள் துடிப்புக்கு ஈ-டூ என்று இருக்கவேண்டிய இடத்தில், வெளித் துடிப்புக்கான ஈ-ஜீரோ இருந்தது. அதைத் திருத்தி எழுதி, ஊசியை எடுத்துவிட்டாள். இரவல் துடிப்பு இல்லாமல் போர்டு தானே நின்றது. சோதனைப் பட்டனை அமுக்கியதும் மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற அதன் ரிலே டக் என்று அடித்தது.

தயாளன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஒண்ணு ரெண்டு ரெக்கவர் ஆகும்," என்றான் சுகுமார். "அதை வெச்சு ஜெனரலைஸ் பண்ண முடியாது."

சரிதா அடுத்ததை எடுத்தாள். டக். அடுத்தது. டக். பத்து, பதினைந்து. அங்காளம்மா சூட்டுக்கோலை அணைத்துவிட்டு வந்து வாசலில் நின்று எண்ண ஆரம்பித்தாள், ஏலக்கடையில் எண்ணுவது போல, சத்தமாக. இருபத்தியாறு. இருபத்தியேழு. சுகுமார் கழுத்து அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். நாற்பத்தி ஆறு போர்டு எழுந்தது. ஒன்று மட்டும் எழவில்லை. சரிதா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது நெசமாவே போச்சு. கால் ஒடஞ்சிருக்குது. நின்னுபோன பொறவு, போன வாரம் நாந்தான் கீழ போட்டேன். இதுக்கு வேணா எழுதுங்க, கையெழுத்து போடறேன்."

தயாளன் முகம் முழுக்க மலர்ந்திருந்தது. "பிரமாதம்மா. பெரிய பாரம் எறங்குச்சு. சரி, போர்டு பொழச்சுடுச்சு, இதோட விட்டுடுவோம். யாரும் மனசுல வெச்சுக்க வேணாம்."

"காரணம் தெரிஞ்சுபோச்சு இல்ல சார். ஸ்டாண்ட பழைய எடத்துக்குத் திருப்பிப் போடுங்க."

மலர்ச்சி நின்றது. அவர் கை தானாகப் போய்ப் பத்திரிகை மாதிரிகளை அடுக்கியது. "தை வரைக்கும் பொறுத்துக்கம்மா. இப்பத்தான் எல்லாம் கூடி வந்திருக்கு. அந்த மூலைய மட்டும் இப்ப கலைக்க வேணாம்." அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னார், "பில்டருக்கு ஏதாவது ஒரு காரணம் எழுதித்தான் ஆகணும். உன் பேர் வேணாம், உப்பும் வேணாம். ஆபரேட்டர் எரர்னு பொதுவா போட்டுடலாம்."

பாருங்கள் கண்ணுகளா, இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சுகுமாருக்காவது தெரியாமல் இருந்திருக்கலாம். இவர் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பிறகு சொல்கிறார்.

"சார், இந்த யூனிட்ல ஆபரேட்டர் எத்தினி பேரு?"

தயாளன் அடுக்கிய பத்திரிகைகளை மறுபடியும் அடுக்கினார்.

"ஒர்த்திதான்," என்றாள் வாசலிலிருந்து அங்காளம்மா.

"பேர எழுதலன்னா மட்டும் அது யாருன்னு தெரியாதா சார்? உங்க பொண்ணு நல்லா இருக்கட்டும். ஸ்டாண்டு அங்கியே இருக்கணும்னா இருக்கட்டும், நான் குறுக்க நிக்கல. ஆனா உங்க வூட்டுக் கல்யாணத்துக்கு எம் பேர எதுக்கு செலவு பண்றீங்க? என்னமோ ஒரு மூலையில வெச்சா நல்லது நடக்கும்னு நம்பறீங்க. நம்புங்க. அதுக்குப் பலி குடுக்கணும்னா உங்க கைய வெட்டிக் குடுங்க. ஏங் கைய எதுக்கு காட்டறீங்க?"

முதலாளியிடம் இப்படி ஒருத்தி பேசி அந்தச் சுவர் கேட்டதில்லை. அவள் குரலை உயர்த்தவும் இல்லை.

"ஸ்டாண்டு அங்கயே இருந்தா மறுபடியும் இதேதானே நடக்கும்?" என்றார் தயாளன், பாதிக் குரலில்.

"நடக்காது. அதையும் சொல்றேன் கேளுங்க. கம்ப்யூட்டர்லர்ந்து ரெண்டு ஒயர் போவுது. நடுவுல இந்தச் சின்ன பொட்டி. பொட்டிக்கு இந்தாண்ட கீறது யூஎஸ்பி ஒயர், அத நீட்டலாம், மூணு மீட்டர் நாலு மீட்டர் ஒண்ணும் ஆவாது. அந்தாண்ட கீற பட்டை ஒயர நீட்டக் கூடாது. சார் நீட்ட வேண்டியத வுட்டுட்டு நீட்டக் கூடாதத நீட்டிட்டார். பொட்டிய கொண்டுபோயி ஸ்டாண்டு பக்கத்துல வெச்சா வேலை முடிஞ்சுது. எல்லாம் கெடைக்கிற ஒயருதான், தாம்பரத்துல ஸ்டேஷன் எதிர்க்க போனா வாங்கிகினு வந்துடலாம். இதுக்குத்தான் ஒரு மாசமா நாப்பத்தேழு போர்டையும் என்னையும் சேத்து சாவடிச்சீங்க."

சுகுமார் மெதுவாகச் சொன்னான், "ஒயர்னு எழுதினா, ஒயர் போட்டது நான்தான்னு வந்துடும் சார்."

"வரட்டுமே," என்றாள் சரிதா. "எம் பேர அடிக்கசொல்ல உங்களுக்குக் கூசலியே. நான் உங்க பேர எழுதச் சொல்லல. காரணம் எழுதற தாள்ல காரணம் இருக்கட்டும்னு சொல்றேன். அவ்ளோதான்."

தயாளன் பத்திரிகைகளைத் தள்ளி வைத்தார். பிறகு யூனிட் பெயர் போட்ட தாள் ஒன்றை எடுத்தார். கம்ப்யூட்டரில் அடிக்கச் சொல்லவில்லை, தன் கையாலேயே எழுதினார். ப்ரோகிராம் ஏற்றுகிற ஒயரை இடமாற்றத்தின்போது நிர்வாகம் அதிக நீளமாக்கியதால் சிப்புகளின் துடிப்பு அமைப்பு மாறிப்போனது, எங்கள் ஆபரேட்டர் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார், நாற்பத்தி ஆறு போர்டுகள் திங்கட்கிழமை வந்து சேரும். எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவளிடம் நீட்டினார். அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். அவர் ஒரு மாணவன் போல நின்றுகொண்டிருந்தார்.

"சரியாம்மா?"

"சரி சார்."

காலையில் வந்த பழைய தாள் அவள் நோட்டுக்குள் இருந்தது. அதை எடுத்துச் சுகுமாரிடம் நீட்டினாள். "நீங்க எழுதினது. நீங்களே கிழிங்க."

அவன் கிழித்தான். இரண்டாக மட்டும். அவள் அங்கேயே நின்றாள். நான்காகக் கிழித்தான். "சாரி," என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"எங்கிட்ட சொல்லாதீங்க. கானாத்தூருக்கு பஸ் கீது. எங்க நைனா சாயங்காலம் வலை பிரிச்சுகினு உக்காந்திருப்பாரு. அவுரு கைய பாத்து சொல்லிட்டு வாங்க."

சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் சாப்பிடப் போகவில்லை. சரிதா அந்த இரண்டு மீட்டர் பட்டை ஒயரை ஜன்னலிலிருந்து பிடித்து இழுத்தாள். ஒட்டியிருந்த டேப்போடு சுவர்ச் சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. தயாளன் பார்த்துக்கொண்டே இருந்தார். சுகுமார் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு புது ஒயர் வாங்கத் தாம்பரத்துக்குக் கிளம்பினான், யாரும் ஏவாமலே.

"இப்போனா கோவம் போச்சா?" என்றாள் அங்காளம்மா, டிபன் பையை அவளிடம் நீட்டி.

"இல்லக்கா."

"போவாது. போவவும் வேணாம். வா, சாப்டு. கோவத்துக்கும் தெம்பு ஓணும்."

இவ்வளவுதான் கதை, என் கண்ணுகளா. அந்தக் கோபம் சரியா தப்பா என்று உங்கள் மனசிலேயே வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் சொல்லவேண்டாம். எழுந்து போகிறபோது இதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுத் தொட்டி நிறைந்திருக்கட்டும், உங்கள் வீட்டு அடுப்பில் நாளைக்கும் சோறு பொங்கட்டும். உங்கள் வீட்டில் உழைக்கிற எந்தக் கையைப் பார்த்தும் யாரும் முகம் சுளிக்காமல் இருக்கட்டும். ஊரான் செய்த பிழை உங்கள் வீட்டுப் பெயரில் ஒருநாளும் எழுதப்படாமல் இருக்கட்டும். அப்படியே எழுத வந்தால், போடமாட்டேன் என்று சொல்லுகிற வாய் உங்கள் வீட்டில் ஒன்றாவது இருக்கட்டும். நல்லா இருங்கள், எல்லாரும் நல்லா இருங்கள்.